இரண்டாவது ரிலே

இரவு மணி ஒன்றே முக்கால் ஆகப் போகிறது. அணைக்கட்டுக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கல் வெட்டி எடுத்த பெரும் பள்ளம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே ஒரு கட்டடம்... தகரக் கூரை போட்ட கார் ஷெட். அதற்குள் பழைய கார் சீட் ஒன்றில் ஒரு மனிதர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. காத்திருக்கிறார்.

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். மூடினால் சின்னச் சத்தங்கள் கேட்காது. இந்தக் கதையே ஒரு சின்னச் சத்தத்தைப் பற்றியதுதான். நம்மோடு வேலை பார்க்கிற பெயிண்டரின் ஒன்றுவிட்ட மாமாவுக்கு நடந்தது. அவன் இன்று வரவில்லை, நல்லதாயிற்று. வந்திருந்தால் என்னைச் சொல்ல விடமாட்டான்.

ஒன்றே முக்கால் ஆனதும்...

டிக்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்.

ட்ற்ற்...க்.

அவ்வளவுதான். சத்தம் வந்தது வெளியே நிற்கிற நசுங்கிய காருக்குள்ளிருந்து. கூடவே ஒரு வாசனை. யூகலிப்டஸ் தைலம் போட்ட இருமல் மிட்டாய் வாசனை. அந்தக் காரில் பேட்டரி கிடையாது. காரை இழுத்து வந்தவர்களே கழற்றிவிட்டார்கள். கழற்றிய பேட்டரி அவருடைய தலைமாட்டில் இருந்தது.

அவரை எல்லாரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். கார் வயரிங் வேலை. கடையில் ரிலே வாங்கப் போனால், ஒரு பேட்டரியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ரிலேயையும் அதில் தொட்டுக் காதோரம் வைத்துக் கேட்பார். சுத்தமாக 'டிக்' என்று விழுந்தால்தான் எடுப்பார். கொஞ்சம் இழுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரருக்கு எரிச்சல் வரும். "இது ரிலேதான், வீணை இல்லை" என்பார். இவர் காதில் அது மட்டும் விழாது.

ரிலே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டி அளவு பெட்டி. சுவிட்சிலிருந்து வருகிற சின்னக் கரண்ட் உள்ளே போய்க் கையைத் தட்டும். அந்தக் கைதட்டலுக்குப் பெரிய கரண்ட் எழுந்து நடக்கும். அந்தக் கைதட்டல்தான் 'டிக்'.

காதுவுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காதான் வளர்த்தாள். கல்யாணமாகிப் போன பிறகும் தம்பிக்கு ராத்திரிச் சாப்பாடு அவள் வீட்டில்தான். அத்தான் ஒரு பிரஸ்ஸில் இரவு ஷிப்ட். வீடு திரும்ப ஒன்றே முக்கால் ஆகும். காரை ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே வருவார். சில நாள் அக்காவும் ஆஸ்பத்திரி வேலை முடிந்து அவரோடு வருவாள். கார் நிறுத்துகிற இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருபக்கமும் புதர்... கும்மிருட்டு.

ஒரு நாள் அக்கா தம்பியிடம் கேட்டாள்.

"ஏன்டா, ஊருக்கெல்லாம் வயர் இழுக்கிறே. எனக்கு அந்த ரிமோட்டை அமுக்குனா ஹெட்லைட் எரியிற மாதிரி பண்ணித் தரக்கூடாதா? பூட்டைத் திறக்கிற வரைக்கும் வெளிச்சம் இருந்தாப் போதும். இருட்டுல சாவியைத் தேடுறப்போ உயிரு போயி உயிரு வருது."

அக்கா வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. காது விடுவாரா. ரிமோட்டுக்குப் பதில் சொல்கிற அலாரம் பெட்டியிலிருந்து வருகிற வயர் தலைமுடி கனம். ஹெட்லைட்டின் சுமையை அது தாங்காது. அதனால் நடுவில் ரிலே வைத்தார். ஒன்று போதும். ஆனால் இவர் இரண்டு வைத்தார், விளக்குக்கு ஒன்றாக. வண்டி ஓட்டும்போது போடுகிற சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகிற வழியையும் அந்த ரிலேக்களுக்குள்ளேயே விட்டார். அத்தான் சிரித்துக்கொண்டே, "எதுக்கு மச்சான் ரெண்டு?" என்று கேட்டாராம்.

"ஒண்ணு போனாலும் இன்னொண்ணு எரியும் அத்தான். நடு ரோட்டுல இருட்டாகிடக் கூடாதுல்ல."

இந்தப் பதிலை நினைவில் வையுங்கள்.

அந்த ஷெட்டில் காதுவுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். இன்ஜின் வேலை அவனுடையது. முகத்திலிருந்து புன்னகை இறங்காது, அதனால் 'சிரிப்பு' என்று பெயர். இருவரும் நகமும் சதையும் மாதிரி. ஒரே டம்ளரில் டீயைப் பங்கு போட்டுக் குடித்தவர்கள். காதுவை மரியாதையாகச் சொல்கிற என் வாய்க்கு, இவனை அவன் என்றுதான் சொல்ல வருகிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அன்று மத்தியானம் வேலை முடிகிற நேரம். இரண்டு ரிலேயும் உட்கார்ந்தாயிற்று. டேப் சுற்றி, மூடி போட வேண்டியதுதான் பாக்கி. சிரிப்பு வந்து தோளைத் தட்டினான்.

"பசியில கை நடுங்குது பாரு. நீ போய்ச் சாப்பிடு. மூடுறதுதானே, நான் மூடிடுறேன்."

காது போனார். கூட்டாளியை நம்பாமல் பிறகு யாரை நம்புவது?

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல அக்கா வீட்டு வாசல் பளிச்சென்று இருந்தது. பிறகு ஒரு நாள் இரவு, இதே அணைக்கட்டுச் சாலையில், ஷெட்டைத் தாண்டி இரண்டாவது வளைவில், அத்தான் காரும் ஒரு லாரியும்...

லாரி டிரைவர் அழுதுகொண்டே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒத்தை லைட்டுதான் வந்துச்சு. சத்தியமா ஒத்தை லைட்டு. பைக்குன்னு நெனச்சு ஒதுங்காம வந்துட்டேன்." நடு ரோட்டுப் பக்கத்து விளக்கு அணைந்திருந்தது. ஓரத்து விளக்கு மட்டும் எரிந்திருக்கிறது. இரண்டுமே அணைந்திருந்தால் அத்தான் வண்டியை ஓரம் கட்டியிருப்பார். ஒன்று எரிகிறதே, வீடு பக்கம்தானே என்று வந்துவிட்டார். ஒன்று போனாலும் இன்னொன்று எரியும்... எரிந்தது. அதுதான் எமனாகிவிட்டது.

சாவு வீட்டில் காது வாசலிலேயே நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை. சிரிப்புதான் தோளில் கை போட்டு அழைத்துப் போனான். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அக்காவிடம் சொன்னான்.

"அக்கா, அவன் வேணும்னு பண்ணலை. அவசரத்துல ஏதோ லூசா விட்டுட்டான். கூடப் பிறந்தவன்தானே, மன்னிச்சு விட்டுடுங்க."

பரிந்து பேசுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அதுவரை யாரும் காதுவைக் குற்றம் சொல்லவே இல்லை. அந்த நிமிடத்துக்குப் பிறகு எல்லாருடைய கண்ணும் அவருடைய விரல்களைப் பார்த்தது. அக்கா தலையைத் தூக்கினாள்.

"என் கண்ணுல படாதே" என்றாள். அதுதான் அவள் தம்பியிடம் கடைசியாகப் பேசியது.

அன்றிலிருந்து அவருக்கு ஷெட்டே வீடு. வேலையைத் தொடவில்லை. நசுங்கிய காரை இழுத்து வந்து ஷெட் வெளியில் போட்டிருந்தார்கள். போனட்டைத் திறந்து பார்க்க அவருக்குத் தைரியமில்லை. சிரிப்பும் அதையே சொன்னான். "திறந்து பார்த்து என்ன ஆகப் போவுது? உனக்குத்தான் வேதனை. நான் எடைக்குப் போட்டுடுறேன், நீ பார்க்கவே வேணாம்." சாப்பாடும் அவனே வாங்கி வந்து கொடுத்தான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்கள் உண்டே, அந்த ஜாதி. காது பாவம், கண் கலங்கி அந்தச் சோற்றைத் தின்றார். உலகமே கைவிட்டாலும் இவன் இருக்கிறானே என்று.

அந்த நாட்களில்தான் சத்தம் வர ஆரம்பித்தது. முதல் இரவு எலி என்று நினைத்தார். இரண்டாம் இரவு தகரம் குளிர்ந்து சுருங்குகிறது என்று நினைத்தார். மூன்றாம் இரவு மிட்டாய் வாசனை வந்தது. அத்தான்தான் என்று புரிந்தது. 'என் மேல் கோபம், வந்து கேட்கிறார்' என்று போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தினமும் அப்படியே.

கடைசியில் சிரிப்பு வந்து, "நாளைக்குக் காலையில எடைக்காரன் வர்றான். கார் போயிடும், நீ நிம்மதியாத் தூங்கலாம்" என்றான். அந்த இரவைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். இனி இந்தச் சத்தம் கேட்காது, கடைசியாகக் கேட்டுவிடலாம் என்று அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

டிக்.

ட்ற்ற்...க்.

பயத்தோடு கேட்கும்போது அது பேய். அன்று காதோடு கேட்டார். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் சத்தம் அவருடையது. கடையில் கேட்டுப் பொறுக்கி எடுத்த சத்தம். இரண்டாவது... அப்படிக் கரகரக்கிற ரிலேயை அவர் ஜென்மத்தில் வாங்கியதில்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போனட்டைக் கம்பியால் நெம்பினார். கருகிய பிளாஸ்டிக் நாற்றம். பூட்டி வைத்த மூடியைக் கழற்றினார். முதல் ரிலே கருப்பு, இன்னும் பளபளப்பு மாறாதது. இரண்டாவது பழுப்பு நிறம். ஒரு மூலை உருகிய பழைய சாமான். எந்த வண்டியிலிருந்து பிடுங்கி ஷெட்டின் கழிசல் டப்பாவில் போட்டது என்றுகூட அவருக்கு ஞாபகம் வந்தது. போட்டவரே அவர்தான். ஆகாது என்று போட்டது.

உள்ளே தொடுமுனை எரிந்து கரியாகியிருந்தது. அந்த ரிலேயைச் சுற்றிய டேப்பின் நுனி அறுந்து தொங்கியது. காது டேப் சுற்றினால் நுனியை மடித்து விடுவார், அடுத்துப் பிரிக்கிறவனுக்கு நகம் வைக்க வசதியாக இருக்க வேண்டும் என்று. சிரிப்பு பல்லால் கடித்து அறுப்பான்.

அந்த இருட்டில், எண்ணெய் மண்ணில், அவர் உட்கார்ந்துவிட்டார். அத்தான் கோபித்து வரவில்லை. தினமும் வந்து, 'மச்சான், இது நீ இல்லைடா, காது கொடுத்துக் கேளேன்' என்று தட்டியிருக்கிறார். இவர் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அத்தான் செத்ததற்குக்கூட அவர் அப்படி அழுததில்லை. தன் தோளில் விழுந்து கிடந்த அந்தக் கையை நினைத்து அழுதார்.

காலையில் எடைக்காரரைத் திருப்பி அனுப்பினார். சிரிப்பு முன்னால், பழுப்பு ரிலே இருந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவன் முகம் ஒரு நொடி தடுமாறி, மறுபடி சிரித்தது.

"அன்னைக்கு ஒருத்தர் கார் ஃபேன் சுத்தாம வந்து நின்னாரு. ரொம்ப அவசரம்னாரு. புது ரிலே கைவசம் இல்லை. உன்னோடதுல ஒண்ணை எடுத்துப் போட்டுட்டு, இதை வச்சேன். மறுநாள் மாத்திடலாம்னுதான்டா இருந்தேன்... மறந்துட்டேன்."

"சாவு வீட்டுல ஞாபகம் வந்துச்சா?"

அவன் குனிந்து கை எண்ணெயைத் துணியில் துடைத்தான்.

"என் அக்கா முகத்தைப் பார்த்துச் சொன்னியே. என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டே சொன்னியே."

"பயந்துட்டேன்டா. பொண்டாட்டி புள்ளைக்காரன்."

"இன்னைக்கு அக்காகிட்ட வந்து உண்மையைச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். போலீஸ் வேணாம், பஞ்சாயத்து வேணாம். அவ ஒரு வாய் சோறு போடணும், அவ்வளவுதான்."

அவன் காதுவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "ஒரு வண்டி முடிக்கணும். அக்கா எப்படியும் அத்தான் வர்ற நேரம் வரைக்கும் முழிச்சுதான் இருப்பாங்க. நீ முன்னால போ" என்றான். காது மறுபடியும் நம்பினார்.

இருட்டியதிலிருந்து அக்கா வீட்டு வாசலுக்கு வெளியே நின்றார். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள், கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒன்றரை மணிக்குத்தான் சிரிப்பின் கார் வந்தது. அதன் இரண்டு விளக்கும் புதருக்குள் நீளமாக அடித்து அணைந்தது. அக்கா கதவைத் திறந்து படியில் வந்து நின்றாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காது அதன் மேல் அந்தப் பழுப்பு ரிலேயை வைத்தார். வயர் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் பெட்டி.

"அக்கா, இவன் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அக்கா சிரிப்பைப் பார்த்தாள். சிரிப்பு ரிலேயைப் பார்த்தான். பிறகு காதுவை... ரொம்ப வருத்தத்தோடு, பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"என்னத்தைக்கா சொல்றது. இவனே கழிசல் டப்பாவுல இருந்து எடுத்துட்டு வந்து, நான் மாத்திட்டேன்னு சொல்றான். துக்கத்துல புத்தி பிசகிடுச்சு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நான் பார்த்துக்கிறேன் இவனை."

காலையில் பிடித்த கையின் சூடு இன்னும் காதுவின் கையில் இருந்தது. ஒரு முறை குத்தியவன் கத்தியைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி குத்துவான் என்று அவர் நினைக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்றே முக்கால்.

கதவோரம் ஆணியில் அத்தானின் ரிமோட் தொங்கியது. விபத்து நடந்த இடத்தில் பொறுக்கிக் கொடுத்தது. தினமும் செய்கிற வேலை போல அக்கா அதை எடுத்தாள். எடுக்கும்போது காது அதன் முதுகைப் பார்த்தார். பின்மூடி இல்லை. செல் இருக்க வேண்டிய இடம் வெறும் குழி.

அத்தான் கார் நின்ற கொட்டகையைப் பார்த்து நீட்டி, அமுக்கினாள்.

டிக்.

காலியான கொட்டகைக்குள்ளிருந்து வந்தது.

ட்ற்ற்...க்.

இது நாற்காலியிலிருந்து. வயரில்லாத அந்தப் பெட்டி பிளாஸ்டிக்கின் மேல் ஒரு தடவை அதிர்ந்து நின்றது.

மிட்டாய் வாசனை மூக்கை அடைத்தது. கொட்டகையின் இருட்டிலிருந்து ஒத்தை வெளிச்சம் ஒன்று நீண்டு வந்து பாதையில் விழுந்தது. பாதி வாசல் பகல் மாதிரி. அக்காவும் தம்பியும் அந்தப் பாதியில் நின்றார்கள். மீதிப் பாதி கரி இருட்டு. சிரிப்பு அதற்குள் நின்றான். அவன் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"தினமும் இப்படித்தான். ஒரு பக்கம்தான் வருது" என்றாள் அக்கா, அந்த இருட்டைப் பார்த்து. "ஏன் ஒரு பக்கம்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது."

சிரிப்பு பின்பக்கமாகவே நடந்து காரில் ஏறினான். கதவைச் சரியாகச் சாத்தக்கூட இல்லை. புதரை உரசிக்கொண்டு திருப்பி, அணைக்கட்டுச் சாலையில் ஏறினான். தூரத்தில், தண்ணீரோரம், அவன் காரின் இரண்டு வெளிச்சமும் முன்னால் ஓடியது தெரிந்தது.

அக்கா ரிமோட்டை அந்தப் பக்கம் நீட்டினாள்.

"அக்கா..." என்றார் காது.

அமுக்கினாள்.

அங்கே, நடு ரோட்டுப் பக்கத்து வெளிச்சம் மட்டும் அணைந்தது. கார் நிற்கவில்லை. ஒன்று எரிகிறதே என்று அவனும் நினைத்திருப்பான்.

வளைவில் அது மறைந்தது. கொஞ்ச நேரம் பூச்சிகளின் சத்தம். பிறகு எங்கோ ஒரு லாரியின் ஹாரன்... நீளமாக... பாதியில் நின்றது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ரிமோட்டை ஆணியில் மாட்டினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கை கழுவிட்டு வாடா. சாப்பாடு ஆறுது."

காது படியேறினார். அவருக்கு அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லையாம். உள்ளே போகும் முன், அந்த ரிலேயை எடுத்து வைக்கலாம் என்று நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

நாற்காலி காலியாக இருந்தது.